எட்டுப் பேரும் உச்சிக்குப் போனால்தான் இரண்டு லட்சமா?

மன்னார்குடி வட்டத்திலிருந்து 41 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறோம். கடிதத்தின் சாரம் இது:

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் உள்கிராமத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஆட்டோ வைத்து வந்துபோகும் செலவுக்கே பல குடும்பங்கள் திண்டாடுகின்றன. அந்தச் செலவுக்காக ஆறு லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும். அதற்காக எட்டுப் பேர் சேர்ந்து, உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்தில் ஏறுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் பயணம். டிசம்பர் 23 இரவு ரயிலில் சென்னை, 24 விமானத்தில் டெல்லி, அன்று இரவே பஸ்ஸில் டேராடூன், 25 சாங்க்ரி கிராமம், 26, 27 மலை முகாம்கள், 28 விடியலில் உச்சி. குழுவில் மூன்று ஆசிரியைகள். கடிதம் எழுதியவரின் கணவர் (46 வயது, ஆறு வருடமாகச் சுகர், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார்). கூட்டுறவுச் சங்க ஊழியர் (49, பிரஷருக்கு அட்டெனலால்). 54 வயது விவசாயி, பீடி உண்டு. ஜிம்முக்குப் போகும் 26 வயது இளைஞர்கள் இருவர். கையில் பதினாறு வாரம் இருக்கிறது.

கேள்விகள் ஏழு. மேடே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி செய்வது? இளைஞர்களைப் பற்றிக் கவலையில்லை, வயதானவர்களை அழைத்துப் போகலாமா? எட்டுப் பேரும் முதல் நாளிலிருந்தே டயமாக்ஸ் (மலை உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்கும் மாத்திரை) போட்டுக்கொள்ளலாமா? குளிருக்குப் பிராந்தி, மூச்சுக்குக் கற்பூரம் என்கிறார்களே? படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதே? மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போடலாமா? கடைசியாக, உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒருவர், எட்டுப் பேரும் தன் கடை பேனரோடு உச்சியில் நிற்கும் படம் வந்தால் இரண்டு லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை எப்படியாவது நிறைவேற்றுவது எப்படி?

வணக்கம் டீச்சர்.

முதல் ஆறு கேள்விகளும் உடம்பைப் பற்றியவை. ஏழாவது பணத்தைப் பற்றியது போலத் தெரியும். ஒரு மருத்துவராகப் பார்த்தால் உங்கள் திட்டத்திலேயே ஆபத்தானது அந்த ஏழாவதுதான். ஏன் என்பது மற்ற ஆறையும் பார்த்த பிறகுதான் விளங்கும் என்பதால் வரிசையாகவே போகிறேன்.

மாடிப்படியில் இருக்கிறது மலை

"எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். கால்களைத் தயார்செய்ய மலை வேண்டாம், ஏற்றம் போதும். அது உங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. தரையிலிருந்து மொட்டைமாடி வரை 66 படி என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். படிக்கு 15 செ.மீ. வைத்தால் ஒரு தடவை ஏறினால் ஏறத்தாழ பத்து மீட்டர். சாங்க்ரி சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி சுமார் 3,800 மீட்டர். இடையில் 1,850 மீட்டர். அதாவது உங்கள் பள்ளி மாடிக்கு 185 தடவை. அதையும் மூன்று நாளில் ஏறப்போகிறீர்கள் என்றால், எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நான்கு வாரம் நடைதான். ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் கரையை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். வாரத்தில் நான்கு நாள், நான்கு சுற்று, ஐம்பது முதல் ஐம்பத்தைந்து நிமிடத்தில். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டுச் சுற்று. கூடவே வாரம் மூன்று நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பதினைந்து, குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபது, ஒரே படியில் நின்று ஒரு காலை மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகத் தரையில் வைப்பது காலுக்குப் பத்து. ஒவ்வொன்றும் மூன்று தடவை. உங்கள் முழங்கால் வலிக்கு மருந்தும் இந்தக் கடைசிப் பயிற்சிதான். ஏறும்போது வலிக்காமல் இறங்கும்போது முழங்கால் சிப்பிக்கு முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் முன்தொடைத் தசை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முழங்கால் பட்டையை மாட்டிக்கொண்டு வலியை மறைத்துப் பயிற்சி செய்யாதீர்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து மாடிப்படி. வாரம் மூன்று நாள், பத்துத் தடவையில் தொடங்கி வாரத்துக்கு நான்கைந்து கூட்டிக்கொண்டே போகலாம். பழைய பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு எளிது. மூன்று கிலோவில் தொடங்கி, வாரம் ஒரு கிலோவாக ஏழு வரை. முதல் மூன்று வாரம் கடைசிச் சுற்றில் மொட்டைமாடிக்குப் போனதும் தண்ணீரை அங்கே செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். எட்டாவது வாரத்திலிருந்து சுமையோடேயே இறங்குங்கள். இறங்கும்போது முன்தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசை அடுத்த நாள் கல்லாகிவிடும். உச்சி நாளன்று நீங்கள் ஏறுவது சுமார் 370 மீட்டர். இறங்குவது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மலையேற்றத்தில் கால் மடங்குவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

இனி மழை. அக்டோபர் நடுவிலிருந்து உங்கள் பயிற்சியின் பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் நடக்கும். 2018இல் கஜா வந்ததும் நவம்பரில்தான். ஆகவே பதினாறு வாரத்தில் இரண்டு வாரம் தண்ணீரில் போகும் என்று முன்பே கழித்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே வாரத்தில் இரட்டிப்பாக ஏறினால் குதிகால் தசைநார் பிடித்துக்கொள்ளும். ஈர ஷூவோடு வழுவழுப்பான படியில் ஏறாதீர்கள். மழைநாளில் வீட்டுக்குள்ளேயே ஒரு மணையில் ஏறி இறங்கினால் போதும். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வெறுங்காலோடு நடைப்பயிற்சி வேண்டாம். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி பித்தவெடிப்பு வழியாக உடம்புக்குள் போய்விடும். குளிர்க்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் பயிற்சியால் வந்த வலி என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். விடியற்காலை இருட்டில் நடந்தால் கையில் டார்ச் இருக்கட்டும், பாம்புக்கும் சேர்த்து.

பதினொன்றாம் வாரத்திலிருந்து உண்மையான ஏற்றத்துக்குப் போகலாம். பக்கத்தில் என்றால் சுவாமிமலை. அறுபது வருடங்களின் பெயரில் அறுபது படி. ஆனால் அதில் இருபது தடவை ஏறி இறங்கினால் முருகன் பொறுத்துக்கொள்வார், வரிசையில் நிற்பவர்கள் பொறுக்கமாட்டார்கள். குளித்தலை அருகே அய்யர்மலை உங்களுக்கு நல்ல இடம். 1,017 படி. காலையில் ஒன்று, சற்று ஓய்வெடுத்துவிட்டு இன்னொன்று. கோயில் படி என்பதால் வெறுங்காலோடுதான் ஏற வேண்டியிருக்கும். அதனால் கால் பழகும், ஷூ பழகாது. ஷூவுக்காகக் கொல்லிமலை ஆகாயகங்கை. சுமார் ஆயிரம் படி, அங்கே முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். களைத்த காலோடு ஏறுவது எப்படி என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி இல்லை. மழையில் அருவிப் பாதையை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் அடுத்தடுத்து ஏறுங்கள், ஒரு நாள் மட்டும் போதாது. மலையில் இரண்டாம் நாள்தான் யார் எப்படி என்பது தெரியும். படியில்லாத காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களும் மலையேறப் போனவர்கள்தான். இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு முறையாகப் பதிவு செய்து போகலாம்.

பதின்மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு தேர்வு வையுங்கள். ஏழு கிலோ சுமையோடு பள்ளி மாடிக்கு நாற்பது தடவை, இரண்டு மணி நேரத்துக்குள். மறுநாள் காலை நொண்டாமல் இருபது தடவை. இதில் தேறாதவர் சாங்க்ரி வரை வரலாம், முதல் முகாம் வரைகூட வரலாம், உச்சிக்கு வேண்டாம். கடைசி இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ஷூவைப் பத்து வாரத்துக்கு முன்பே வாங்குங்கள், அதுவும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில். கனமான காலுறையோடு போட்டுப் பார்த்து, கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டினால் நகம் கறுத்துவிடும். நம் ஊர்க் கால் செருப்பிலேயே வளர்ந்து முன்பக்கம் அகன்றிருக்கும். குறுகிய முகப்புள்ள ஷூ வேண்டாம். ஜாக்கெட், பனியில் வழுக்காத இரும்புப் பல் பட்டை போன்றவை சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். உள்ளே பருத்திப் பனியன் கூடாது. வியர்வையைக் குடித்து ஈரத்துணிபோல உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றும்.

உயரத்தின் கணக்கே வேறு

போன மாதம் கொடைக்கானலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைகிறது. கேதார்காந்தா உச்சியில் மூச்சுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் கிட்டத்தட்ட 63 சதவீதம். உடம்பு அதற்குப் பழகும், ஆனால் நாள் கேட்கும். கால் பலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இங்கேதான் உங்கள் முக்கியமான தவறான எண்ணம் இருக்கிறது. இளைஞர்களைப் பற்றிக் கவலையில்லை என்கிறீர்கள். நான் முதலில் கவலைப்படுவது அவர்களைப் பற்றித்தான். உடற்கட்டு உயர நோயைத் தடுக்காது. வேகமாக ஏறுவார்கள், தலைவலியை வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், மாலையில் முகாமைச் சுற்றி ஓடி வீடியோ எடுப்பார்கள். நாற்று நட்டு, மூட்டை சுமந்து பழகிய உங்கள் விவசாயியோ சீரான நடையில் கடைசி ஆளாக வந்து சேர்வார். அவருடைய இதயம் சரியாக இருந்தால் அவர்தான் குழுவின் நடைவேகத்தை வைக்க வேண்டியவர். அவரை முன்னால் விட்டு இளைஞர்களைப் பின்னால் நிறுத்துங்கள்.

உங்கள் பயணத் திட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 23 இரவு ரயில், 24 இரவு பஸ் என்று இரண்டு இரவு தூக்கமில்லாமல் மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் வாந்தியோடு சாங்க்ரி போய்ச் சேர்வது. டெல்லியிலிருந்து டேராடூனுக்கும் விமானத்தில் போய் 24 இரவு அங்கே படுத்துத் தூங்குங்கள். இரண்டு, ஜூடா கா தாலாப் முகாம் சுமார் 2,770 மீட்டர், அடுத்த முகாம் சுமார் 3,430. ஒரே நாளில் 660 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. ஆகவே ஜூடா கா தாலாபில் 26, 27 இரண்டு இரவும் தங்குங்கள். 27 பகலில் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். 28 அடுத்த முகாம், 29 உச்சி. தாண்டும் உயரம் அதே 660தான், ஆனால் அதற்கு முன் உடம்பு பழக ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஊர் திரும்ப ஜனவரி பிறந்துவிடும். பள்ளி திறக்கும் தேதியைப் பார்த்து, தேவையானால் ஒரு நாள் விடுப்பு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகாமில் கூடுதல் நாளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் செலவாகும். இந்தப் பயணத்தில் மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

டயமாக்ஸ் என்கிற அசெட்டசோலமைடு நல்ல மருந்துதான், பிரசாதம் இல்லை. தடுப்புக்கு 125 மி.கி. காலை, இரவு, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது. விரல் நுனி மரத்துப் போகும், சிறுநீர் அடிக்கடி வரும். நான் சொன்னபடி கூடுதல் இரவு தங்கினால் எல்லோருக்கும் தேவைப்படாது. பழைய திட்டத்திலேயே போவதாக இருந்தால் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்க நியாயம் உண்டு. யார் போட்டாலும் ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை யாராவது பையில் திணித்தால் வாங்காதீர்கள். அது நோயின் அறிகுறியை மறைக்கும், உடம்பு பழகியிருக்காது. மறைந்ததை நம்பி மேலே ஏறினால் விபரீதம்.

கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியைத்தான் தரும், ஆக்சிஜனைத் தராது. மூச்சு நன்றாகப் போவது போன்ற அந்த உணர்வு ஏமாற்று. பிராந்தி தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடும். இரவில் மூச்சையும் மட்டுப்படுத்தும். தூக்க மாத்திரையும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம்.

யாருக்கு என்ன பரிசோதனை

எட்டுப் பேருக்கும் பிரஷர், இ.சி.ஜி., ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகத்துக்காகக் கிரியேட்டினின். இதை இந்த மாதமே செய்யுங்கள். டிசம்பரில் செய்தால் தெரிந்து என்ன பயன்? ஆசிரியைகள் மூவரில் ஒருவருக்காவது ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். இரும்புச் சத்து மாத்திரை வேலை செய்யப் பத்துப் பன்னிரண்டு வாரம் வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது. விவசாயிக்கும் உங்கள் கணவருக்கும் கூடுதலாக டிரெட்மில் பரிசோதனை. பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மலையேற்ற நிறுவனம் கேட்கும் மருத்துவச் சான்றிதழைத் தெரிந்த டாக்டரிடம் முகத்தைக்கூடக் காட்டாமல் வாங்கி அனுப்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. உங்கள் குழுவில் அது வேண்டாம்.

உங்கள் கணவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் எனக்குக் கவலை குறைவு. கிளிமிபிரைடு நீண்ட நடையில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். அப்போது நடுக்கம், குழப்பம், தள்ளாட்டம் எல்லாம் வரும். உயர நோய் முற்றினாலும் குழப்பமும் தள்ளாட்டமும்தான். ஆகவே அவர் தடுமாறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கடும் குளிரில் குளுக்கோமீட்டர் வேலை செய்யாது. மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்க முடியாவிட்டால் சந்தேகத்துக்கே குளுக்கோஸ் கொடுத்துவிடலாம். கடலைமிட்டாயும் பேரீச்சையும் அவருடைய பையிலும் இருக்க வேண்டும், அவரோடு நடப்பவர் பையிலும் இருக்க வேண்டும். மலை நாட்களில் கிளிமிபிரைடு அளவைக் குறைப்பதா என்பதைப் பயிற்சி நாட்களிலேயே, மாடிப்படி ஏறுமுன்னும் ஏறிய பின்னும் அளந்து குறித்து, உங்கள் டாக்டரோடு முடிவு செய்யுங்கள். கண் விழித்திரைப் பரிசோதனையும் பாத உணர்வுப் பரிசோதனையும் கட்டாயம். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குப் பனியில் விரல் உறைவது தெரியாது. அப்படி இருந்தால் அவர் சாங்க்ரியில் தங்குவதே சரி.

அட்டெனலால் சாப்பிடுபவருக்கு நாடித் துடிப்பு ஏறாது. கையில் கட்டும் வாட்ச் 'நன்றாக இருக்கிறீர்கள்' என்று காட்டும், ஆள் களைத்துப் போயிருப்பார். அவர் வாட்ச்சைப் பார்க்காமல் மூச்சைப் பார்க்கட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. வேறு மருந்துக்கு மாறலாமா என்று இப்போதே கேட்கட்டும்.

மாதவிடாய் மாத்திரை கேள்விக்கு: மாதவிடாய் மலையேறத் தடையில்லை. கோயிலுக்குப் போவதற்குப் போடுவது போல இதற்கும் கடையில் வாங்கிப் போட வேண்டாம். நீண்ட பயணம், நீர்ச்சத்துக் குறைவு, உயரம் எல்லாம் சேரும் இடத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் எதையும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டே போட வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள் அந்த மாத்திரையை நினைத்தே பார்க்க வேண்டாம்.

கீழே இறங்கும் விதி

இதை ஊரிலேயே எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுங்கள். மலையில் போய் விவாதம் செய்யக் கூடாது. அங்கே மூளையும் குறைந்த காற்றில்தான் இயங்குகிறது.

புதிதாகத் தலைவலி வந்து, கூடவே குமட்டல், மயக்கம், அசாதாரணக் களைப்பு இவற்றில் ஒன்று இருந்தால் அன்று மேலே ஏறுவது கிடையாது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறக்கம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் வந்தாலோ, நள்ளிரவாக இருந்தாலும் உடனே இறங்க வேண்டும், துணையோடு. காலை வரை பார்க்கலாம் என்பதுதான் ஆளைக் கொல்கிற வாக்கியம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நம்பிப் போட்டி போடாதீர்கள். சில்லிட்ட விரலில் தப்பாகக் காட்டும், அந்த உயரத்தில் 85 முதல் 90 வரை காட்டினாலே சாதாரணம்.

எட்டுப் பேரை நான்கு ஜோடியாகப் பிரியுங்கள். ஒருவர் இறங்கினால் ஜோடியும் இறங்கும். கணவன் மனைவியை ஒரே ஜோடியில் போடாதீர்கள். பாசம் தீர்மானத்தைக் கெடுக்கும். உச்சி நாளன்று அதிகாலை இரண்டு மூன்று மணிக்குக் கிளம்புவீர்கள், குளிர் மைனஸ் 10 டிகிரி வரை போகலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் வைகுண்ட ஏகாதசி வாசலைப் போல நெருக்கும். ஒற்றையடிப் பனிப்பாதையில் வரிசை நின்றுவிட்டால் உங்கள் கால் விரல்கள்தான் உறையும். காலை ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். மேலேதான் முதலில் உறையும், மூடிப் பக்கம் திரவமாகவே இருக்கும்.

இனி அந்த இரண்டு லட்சம்

மேலே எழுதிய விதிகளை நகைக்கடைக்காரரின் நிபந்தனையோடு சேர்த்துப் பாருங்கள். எட்டுப் பேரில் ஒருவருக்குத் தலைவலி வந்தாலே ஜோடியோடு இருவர் இறங்க வேண்டும், படத்தில் ஆறு பேர்தான். அப்போது அந்தத் தலைவலிக்காரர் என்ன செய்வார்? 'என்னால் நோயாளிகளுக்கு இரண்டு லட்சம் போகக் கூடாது' என்று வாயை மூடிக்கொண்டு ஏறுவார். உங்கள் குழுவில் உள்ளவர்கள் நல்லவர்கள் என்பதால்தான் அப்படிச் செய்வார்கள். உயரத்தில் ஒருவரைக் காப்பாற்றும் முதல் கருவி அவர் தன் வாயால் சொல்லும் அறிகுறி. அதற்கே விலை வைத்துவிட்டது இந்த நிபந்தனை.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார். கடைக்கு விளம்பரம் வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: உச்சிக்குப் பதிலாகப் படிக்கு ஒரு ரூபாய் தருவீர்களா? ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் படி, எட்டுப் பேருக்கு இரண்டு லட்சம் படி, அதே இரண்டு லட்சம் ரூபாய். ஐந்தாவது வாரத்திலிருந்து பத்து வாரத்தில் ஒவ்வொருவரும் வாரம் 38 தடவை பள்ளி மாடிக்கு ஏறினால் கணக்கு நேராகிவிடும். மூன்று நாளாகப் பிரித்தால் நாளுக்குப் பதின்மூன்று தடவை. எப்படியும் செய்ய வேண்டிய பயிற்சிதான். மாடிப்படி அடியில் ஒரு கரும்பலகை வைத்து மாணவர்களையே எண்ணி எழுதச் சொல்லுங்கள். வாரா வாரம் கடைப் பெயரோடு எண்ணிக்கை போனால் மலை உச்சியில் ஒரே ஒரு படத்தைவிடப் பத்து வாரம் பெயர் நிற்கும். வியாபாரிக்கு இது புரியும். சம்மதிக்காவிட்டால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். படிக்கு ஐந்து பைசா என்று நூறு பேர் சேர்ந்தால் அதைவிட அதிகமாகவே வரும்.

பணம் வாங்குவதைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் இரண்டு விஷயம். நன்கொடை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் விழ வேண்டாம். வரிவிலக்குச் சான்று பெற்ற அறக்கட்டளை ஒன்றின் கணக்கில் ரசீதோடு போகட்டும். பயணச் செலவை எட்டுப் பேரும் கைப்பணத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அதை நோட்டீசிலேயே அச்சடித்துவிடுங்கள். 'ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் பனியில் ஆடிவிட்டு வந்தார்கள்' என்று ஊரில் பேச ஒரு நாக்கு போதும்.

பேனர் கட்டாயம் உண்டென்றால் எட்டுக்கு நான்கு அடி ஃப்ளெக்ஸ் வேண்டாம். உச்சியில் அடிக்கும் காற்றில் அது பாய்மரமாகி, பிடித்திருப்பவரை இழுத்துக்கொண்டு போகும். மூன்றுக்கு இரண்டு அடித் துணியில் எழுதி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையைக் கழற்றாமல் பிடிக்க வசதியாக நான்கு மூலையிலும் கனத்த நாடாவில் வளையம் தைத்துவிடுங்கள்.